மடையும் பலகையும்: சார்கோமா கேள்வி பதில்

மென்திசுப் புற்றுநோய் பற்றி டெல்டா மாவட்டத்துக்காரர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் பயாப்சி பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்.

திருவாரூர்: அப்பாவுக்குத் தொடையில் சார்கோமா. அறிக்கையில் 'ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு இதற்கென்றே மாத்திரை உண்டாமே, கொடுக்கலாமா டாக்டர்?

வேண்டாம். வாய்க்காலில் மடை இருப்பதால் வயல் மூழ்குவதில்லை. பலகை இறங்காமல் சிக்கிக்கொண்டால்தான் மூழ்கும். ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேலுள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பி, 'வளரு' என்ற சேதியை உள்ளே விடும் மடை. அதுவும் அப்படித்தான். சாயமேற்றும் சோதனை, மடை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பலகை சிக்கியிருக்கிறதா என்பது மரபணுச் சோதனையில்தான் தெரியும். நுரையீரலில் அந்த மாத்திரை நன்றாகக் கேட்பது ஈஜிஎஃப்ஆர் மரபணுவே மாறிப்போனவர்களுக்கு. சார்கோமாவில் சாயம் பலருக்கு ஏறும், அந்த மாற்றம் அபூர்வம். சைனோவியல் என்ற வகை சார்கோமாவுக்கு, அந்த மாத்திரைகளில் ஒன்றான ஜெஃபிடினிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், சொல்லும்படி பலனில்லை. கட்டி பரவவில்லை என்றால் முதலில் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கள்.

மன்னார்குடி: அம்மாவுக்கு இரைப்பையில் ஜிஸ்ட் கட்டி, செரிமானப் பாதையில் வரும் சார்கோமாவாம். 'கிட் பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. அப்புறமும் எதற்கு மரபணுச் சோதனை?

கிட் என்பதும் ஓர் ஏற்பி, இன்னொரு மடை. இங்கே பலகை சிக்கியிருப்பது பெரும்பாலும் உறுதி. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. கிட் மரபணுவின் 11-வது எக்ஸானில், அதாவது 11-வது துண்டில், மாற்றம் என்றால் ஜிஸ்டுக்கான இமாடினிப் மாத்திரை தினம் 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். 9-வது என்றால் 800 வரை தேவைப்படலாம். பக்கத்து மரபணுவான பிடிஜிஎஃப்ஆர்ஏ-வில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப் கேட்காது. அவாப்ரிடினிப் என்ற வேறு மருந்து வேண்டும். சோதனைச் செலவை மிச்சம் பிடித்து, கேட்காத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதில் லாபமில்லை.

கும்பகோணம்: மாத்திரை விலை தாங்குமா?

இமாடினிப் தாங்கும். க்ளிவெக் என்பது அதன் கம்பெனிப் பெயர். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமையை மறுத்தது. உள்நாட்டுத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. அவாப்ரிடினிப் கதை வேறு.

தஞ்சாவூர், மருத்துவ மாணவர்: சார்கோமாவுக்கு வந்த ஓலராடுமாப் மருந்து என்ன ஆனது ஐயா?

2016-இல் சிறிய ஆய்வை நம்பி அமெரிக்காவில் துரித அனுமதி கொடுத்தார்கள், தம்பி. 2019-இல் பெரிய ஆய்வு வந்தது, ஆயுள் கூடவில்லை. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். குறிவைத்த ஏற்பி பிடிஜிஎஃப்ஆர்ஏ. நம்மில் பலர் அன்று கொஞ்சம் அவசரமாகவே சந்தோஷப்பட்டோம்.

மயிலாடுதுறை: இமாடினிப் சாப்பிடுகிறேன். ஏகாதசி விரதத்தன்று விட்டுவிடலாமா?

கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பலகாரம் ஏதாவது சாப்பிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம், மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம்.