சவரக்கத்தி பழகுவோருக்கு: கேள்வி பதில்

வேளச்சேரி: அண்ணா, சலூனில் பாதி பிளேடு செருகும் கத்தி இருக்கே, அதிலேயே பழகிக்கலாமா? இல்ல, தீட்டிப் பயன்படுத்துற நிஜக் கத்தி வாங்கணுமா?

நிஜக் கத்தியில் நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அதிலேயே தொடங்குங்கள் தம்பி. சலூன் கத்தி எடை குறைந்தது. அதில் செருகும் பிளேடு மெலிசு, இரு முனையும் கூர். கோணம் கொஞ்சம் தவறினாலும் தோலில் கோடு விழும். நிஜக் கத்திக்கு எடை உண்டு, நுனி வட்டமானதாகவும் கிடைக்கும், புதுக் கைக்குச் சற்று இடம் கொடுக்கும். பதிலுக்கு விளிம்பைச் சீர்படுத்தத் தோல்வாரும் கூராக்கத் தீட்டுக்கல்லும் கேட்கும். அதில் மனமில்லை என்றால் சலூன் கத்தியே போதும். பிளேடைக் காகித உறையோடு நீளவாக்கில் மடித்து உடையுங்கள், விரல் தப்பும். ஒன்றிரண்டு சவரத்துக்கு மேல் ஒரு பாதியை ஓட்ட வேண்டாம்.

வாங்கும்போது அலகின் அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம், வட்ட நுனி, உட்குழிந்த அலகு. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தவை நம்பகமானவை. "சவரத்துக்குத் தயாராகத் தீட்டியது" என்று விற்பவர் உறுதி சொல்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

அம்பத்தூர்: அதைக் கேட்காம வாங்கிட்டேன் சார். புதுக் கத்தி, ஆனா முடியை வெட்டாம இழுக்குது.

தொழிற்சாலைக் கூர் பெரும்பாலும் சவரத்துக்குப் போதாது. முன்கையில் தோலைத் தொடாமல், அரை சென்டிமீட்டர் உயரத்தில் முடிமேல் அலகை நகர்த்துங்கள். முடி அறுந்து விழுந்தால் கூர் இருக்கிறது. வளைந்து நழுவினால் கல்லில் தீட்ட வேண்டும். கூர் இருந்தும் இழுத்தால் கோணம் அதிகமாகியிருக்கும், அல்லது நுரை காய்ந்திருக்கும். எதுவானாலும் கையை அழுத்தி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பழகுபவர் முகத்தில் விழும் வெட்டுகளில் பல மழுங்கிய கத்தியை அழுத்தியதால் வருபவை.

வியாசர்பாடி: எங்க தெருவுல சைக்கிள்ல சாணைக்காரர் வர்றார். அவர்கிட்ட கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை சரி. சவரக்கத்தியின் விளிம்பு மிக மெல்லியது. சுழலும் சக்கரத்தில் நொடியில் சூடேறும். எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போனது என்று பொருள், பிறகு எந்தக் கல்லிலும் கூர் நிற்காது. தவிர, சவரக்கத்திக்குத் தீட்டும் கோணத்தை அதன் முதுகே தீர்மானிக்கிறது. முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்து, விளிம்பு முன்னே செல்லத் தள்ள வேண்டும். சக்கரத்தில் அதற்கு வழியில்லை.

வீட்டில் செய்வதானால் தட்டையான நீர்க்கல் வேண்டும். விளிம்பு பல் விழுந்திருந்தாலோ முற்றிலும் மழுங்கியிருந்தாலோ மட்டும் 1000 எண் கல் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). அதன்பின் 4000, 8000, கடைசியில் 12000. நன்கு தீட்டிய கத்தி கையில் இருந்தால் ஆரம்பத்தில் 12000 ஒன்றே போதும், அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை.

குரோம்பேட்டை: தோல்வார்ல தேய்க்கிறது அவசியமா? எத்தனை தடவை?

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் அவசியம். வாரோடு சேர்ந்து வரும் துணிப்பட்டையில் 20 முறை, தோலில் 50 முறை, போய் வருவதை ஒன்றாகக் கணக்கிட்டு. கல் எஃகைத் தேய்த்துக் கூராக்கும்; தோல்வார் கூரான விளிம்பைச் சீர்படுத்தி மெருகேற்றும். இரண்டும் வேறு வேலை.

ஜன்னல் கம்பியில் வாரை மாட்டி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். கத்தியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். கல்லுக்கு நேர்மாறாக இங்கே முதுகு முன்னே போகும், விளிம்பு பின்னே வரும். கத்தியின் எடை போதும், விரல் அழுத்தம் வேண்டாம். பட்டையின் முடிவில் முதுகு தோலை விட்டு எழாமலே கத்தியை அதன் மேல் புரட்டித் திரும்புங்கள். விளிம்பின் மேல் புரட்டினால் தோலும் கிழியும், கூரும் போகும். தோல்வார் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான், அதுவும் வேகம் காட்டும்போது. முதல் வாரம் மழுங்கிய மேசைக்கத்தியை வைத்துப் புரட்டிப் பழகுங்கள். முதல் வார் விலை குறைந்ததாக இருக்கட்டும். அது வெட்டுப்படத்தான் போகிறது.

கே.கே. நகர்: முதல் நாள் முகம் முழுக்கச் செய்யலாமா அண்ணே?

இல்லை. முதல் சில சவரங்களில் கன்னம் இரண்டு மட்டும், மீதியை வழக்கமான ரேசரில் முடித்துவிடுங்கள். கன்னம் தட்டையானது, அங்கே கை கோணத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு தாடையெலும்பு ஓரம், அதன்பின் கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசி.

குளித்தவுடன் தொடங்குங்கள், முடி நீரில் ஊறி மென்மையாகியிருக்கும். அலகை அடுத்த காம்பின் கீழே கட்டைவிரல், மேலே மூன்று விரல், காம்பின் கடைசியில் வளைந்து நீளும் வால் மீது சுண்டுவிரல். கைப்பிடி மேல்நோக்கி நிற்கும். கத்தியைக் கன்னத்தில் தட்டையாகப் படுக்க வைத்து, முதுகின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வரும்வரை முதுகைத் தூக்குங்கள். அது ஏறக்குறைய 30 பாகை. 45ஐ நெருங்கினால் சுரண்டும், எரியும்.

மறு கையின் ஈர விரல்களைக் கிருதா ஓரம் வைத்துத் தோலை மேல்நோக்கி இழுங்கள். விரல் வழுக்கினால் துண்டு நுனியாலோ படிகாரம் தடவிய விரலாலோ பிடிக்கலாம். தோல் தொய்ந்திருந்தால் கத்திக்கு முன்னால் அலைபோல் எழும். வெட்டு அங்கேதான் விழும். முடி படியும் திசையில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பு. கத்தி தோலில் இருக்கும்போது பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட நகரக் கூடாது, காய் நறுக்கும் அசைவு முகத்துக்கு ஆகாது.

இடது கன்னத்துக்கு இடது கையையே பழக்குங்கள். தொடக்கத்தில் பயமாக இருக்கும். வலது கையைக் குறுக்கே கொண்டுபோனால் அதுவே கண்ணாடியை மறைக்கும். சில வாரங்களில் இரு கையும் ஒத்துவரும்.

மடிப்பாக்கம்: எங்க போர் தண்ணீரில் நுரையே நிற்பதில்லை.

கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திப்பியாகிவிடும். நுரைக்குத் தேவை ஒரு டம்ளர்தான். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். அதிலேயே பிரஷை ஊறவையுங்கள். கலக்கும்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பளபளப்பு வந்து குமிழி மறையும்வரை சுழற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, காற்றில் நுரை காய்ந்தால் கத்தி இழுக்கும்.

திருவொற்றியூர்: கடற்கரை பக்கத்து வீடு. துரு பிடிக்குமோன்னு பயம்.

கரிம எஃகென்றால் ஒரே இரவில் புள்ளி விழும். கழுவியதும் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துணியால் ஒற்றி எடுங்கள், கைப்பிடி இடுக்கையும் மறக்க வேண்டாம். பத்து நிமிடம் திறந்தே காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அல்லது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடிக்கும். குளியலறையில் வைக்காதீர்கள், தோல் உறையிலும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

பம்மல்: பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய கத்திகள் கிடைக்கும்ங்கிறாங்க. வாங்கலாமா?

பார்க்கத் தெரிந்தால் வாங்கலாம். அலகில் விரிசல் இருந்தால் தொடாதீர்கள். முதுகில் கறை இருக்கலாம், விளிம்பை ஒட்டித் துருக்குழி இருக்கக் கூடாது. தீட்டத் தீட்ட விளிம்பு உதிரும். முதுகு தட்டையாகத் தேய்ந்து அகன்றிருந்தால் கோணம் கெட்டிருக்கும். மடக்கும்போது அலகு நடுவில் விழ வேண்டும். செல்லுலாய்டு கைப்பிடி நம் வெக்கையில் சிதைந்து ஆவி விடும், அந்த ஆவியே அலகைத் துருவாக்கும், அப்படியானதை ஒதுக்குங்கள். வாங்கியதைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, தீட்டிய பிறகே முகத்துக்கு.

அண்ணா நகர்: அப்பாவும் நானும் ஒரே கத்தியைப் பயன்படுத்தலாமா? அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார்.

ஒரே கத்தி வேண்டாம் தம்பி. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியே பரவும், கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். அப்பாவுக்கு மின்சார ஷேவரே நல்லது.

மயிலாப்பூர்: வெட்டுப்பட்டால் என்ன செய்யணும்?

குளிர்ந்த நீரில் கழுவி, சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் படிகாரக் கல்லை நனைத்து அந்த இடத்தில் வையுங்கள். எரியும், ரத்தம் நிற்கும். கத்தி கை நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள், விழட்டும். அலகுக்குப் பெரும் சேதம் குழாயில் இடிப்பதால்தான். அலசும்போது வாஷ்பேசினில் ஒரு துண்டை விரித்துவிடுங்கள்.

சைதாப்பேட்டை: எதிர்த்திசையில் வழிக்கிறது எப்போ?

நேர்த்திசையில் முகம் முழுவதும் வெட்டில்லாமல் வந்த பிறகு முதலில் குறுக்கே, மறுபடி நுரை போட்டு. எதிர்த்திசையில் கோணத்தைக் குறைத்துக் கத்தியை இன்னும் படுக்க வைக்க வேண்டும். சுருள் முடிக்காரருக்குக் கழுத்தில் எதிர்த்திசை வேண்டாம். தோலுக்கடியில் அறுந்த முடி உள்ளேயே வளைந்து கொப்புளமாகும். அவர்கள் நேர், குறுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.