பியூட்டீஷியன் படிப்புக்குப் போட்ட பணம் எப்போது திரும்பும்?

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு ஆறு மாத பியூட்டீஷியன் கோர்ஸ் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டணம் மட்டும் செலவு இல்லை, படிக்கும்போது வராமல் போகும் சம்பளமும் செலவுதான். ஒரு கணக்குக்குக் கட்டணம் 60,000 ரூபாய், இப்போதைய சம்பளம் 8,000 என்று வைப்போம். ஆறு மாதச் சம்பளம் 48,000. மொத்தம் 1,08,000. முடித்தபின் பார்லரில் 10,000 கிடைத்தால், கூடுதல் வெறும் 2,000. போட்டதை எடுக்க நாலரை வருஷம் ஆகும்! அதோடு மாதம் ஒரு மணப்பெண் அலங்காரம் பிடித்து, பொருள் செலவு போக 4,000 நின்றால் 18 மாதம் போதும்.

ஆனால் கல்யாண வேலைக்கு நம்ம ஊரில் சீசன் உண்டு. ஆடியில் இந்துக் கல்யாணம் கிடையாது. தவக்காலத்தில் சர்ச் கல்யாணமும் அபூர்வம். பட்டுச்சேலைக்குப் பூ ஜடை, சர்ச் கல்யாண வெள்ளைச் சேலைக்குத் தலையில் போடும் நெட், இரண்டும் கைவந்தால் மற்ற மாதங்கள் நிரம்பும். கோர்ஸில் இவை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அவசரம் இல்லையென்றால் அரசு ஐடிஐயையும் விசாரியுங்கள். காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலை, அங்கே ஒரு வருடப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. தகுதி இருந்தால், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

சொந்தக் கடை அப்புறம் பார்க்கலாம். சிறு தொழில் தொடங்க வங்கி தரும் முத்ரா சிசு கடன் 50,000 வரைதான். 'நூறு சதவீத வேலை' என்ற போர்டை நம்பாமல், போன வருஷம் படித்து முடித்த இரண்டு பேரிடம் சம்பளம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.