மணி அடிச்சா வாரது யாரு?

வீட்டுக் காவல் பத்தி வாசகர் கேட்ட கேள்விகள். பதில் சொல்லுதவர் நெல்லைப் பக்கம் அலாரம், கேமரா மாட்டுத ஒரு அண்ணாச்சி.

கேள்வி: அண்ணாச்சி, நாங்க பெங்களூர்ல இருக்கோம், அம்மா மட்டும் கல்லிடைக்குறிச்சில பழைய வீட்டுல இருக்காவ. அப்பா இருக்கும்போது 2012ல வயர் இழுத்து அலாரம் போட்டாவ, ஆறு சென்சார், அதெல்லாம் வந்து சேருத பெட்டியா ஒரு பேனல், வெளிய சத்தம் போட ஒரு ஹூட்டர். இப்போ ராத்திரில சும்மா சும்மா கத்துதுன்னு அம்மா ஆஃப் பண்ணியே போட்டுட்டாவ. கடைக்காரர் வந்து பாத்துட்டு எல்லாத்தையும் கழட்டிட்டு வயர்லெஸ் போடணும்ங்காரு. போடலாமா?
– ஒரு வாசகி

கழட்டாதிய. மொதல்ல அத சொல்லிடுதேன், காரணம் பொறவு.

சுவத்துக்குள்ள பைப்பு வச்சு இழுத்த வயர் இருக்கு பாத்தியளா, அந்த செட்டுல இருக்கதுலயே நல்ல சாமான் அதான். பழைய வீட்டுச் சுவரு ரெண்டடி கனம் இருக்கும், அதுக்குள்ள கூடி வயர்லெஸ் சிக்னல் அரங்குவீட்டுலருந்து (உள்ளறை) வாசல் நடைக்கு வாரதுக்குள்ள பாதி செத்துப் போகும், போதாக்குறைக்கு ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி பேட்டரி, ஒண்ணு ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ஏணி போட்டு ஏறி மாத்துதது யாரு, உங்க அம்மாவா? பேனல மட்டும் மாத்துங்க. வயர் சோன், அதாவது சென்சார் வயர சொருகுத எடம், உள்ள பேனலா வாங்குனா பழைய வயர அப்படியே அதுல குடுத்துடலாம், சென்சார் நல்லா இருந்தா அதுவும் ஓடும்.

சும்மா கத்துதுன்னு சொல்லுதிய, சும்மா எதுவும் கத்தாது. பேட்டரி மாத்தி எத்தன வருசம் ஆச்சு? பேனலுக்குள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒண்ணு உண்டும், மூணு நாலு வருசம்தான் அதுக்கு ஆயுசு. செத்த பேட்டரிய வச்சிருந்தா கரண்டு போயிட்டு வரும்போதெல்லாம் பேனல் கோட்டி புடிச்ச மாதிரி ஆகி கத்தும். சோதிக்கது ஒண்ணும் கஷ்டம் இல்ல, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி ஹூட்டர ஒரு ரெண்டு நிமிசம் கத்த விடுங்க, சத்தம் தேஞ்சு தேஞ்சு போச்சுன்னா பேட்டரி போச்சு. களவாணியும் இதத்தான் செய்வான், நம்ம ஊர்ல பாதி வீட்டுக்கு மீட்டரும் மெயினும் வாசல் சுவத்துலதான இருக்கு.

அடுத்து பல்லி. சிரிக்காதிய, நான் போய் பாத்த பொய் அலாரத்துல ரொம்ப இதான். பிஐஆர் சென்சார்னா உடம்புச் சூடு நகருதத பாக்குத சாமான், முப்பதடி தள்ளி வார ஆளும் அந்த முகப்பு மேலயே ஊருத பல்லியும் அதுக்கு ஒரே கணக்கு. வயர் வார ஓட்டைய சிலிக்கான் வச்சு அடச்சிருங்க, உள்ள பூச்சி போகாது, பூச்சி இல்லன்னா பல்லிக்கு அங்க என்ன சோலி. முத்தத்தப் (வீட்டு நடு முற்றம்) பாத்து ஒரு சென்சார் வச்சிருப்பாவளே? வெயிலு, அணில், பூனை எல்லாம் வந்து போற இடத்துல அத வைக்கவே கூடாது. அத கழட்டி ரெண்டாங்கட்டு கதவுக்கு உள்பக்கம் மூலைல ஏழடி உசரத்துல மாட்டுங்க, ஆள் குறுக்க நடக்கணும், அப்பதான் நல்லா புடிக்கும், நேர எதுக்க வந்தா கொஞ்சம் மந்தம்தான். முத்தத்துக்கு மேல கம்பி அழி (கிரில்) போட்டாச்சான்னு பாருங்க, அலாரத்துக்கு முன்னாடி அதான் முக்கியம். ஆனி ஆடிக் காத்துல புறவாசக் கதவு ஆடி, கதவு சென்சார்ல உள்ள காந்தம் விலகுனாலும் கத்தும், தாப்பாள் லூசா இருக்கதுக்கு சென்சார குத்தம் சொல்லி என்ன செய்ய.

இப்போ நெசமான அப்கிரேடுக்கு வாரேன். 2012 பேனல்ல சிம் போட்டு தானா போன் அடிக்குத டயலர் இருந்தா அது அனேகமா 2ஜிதான், அதுல ஜியோ சிம் போட்டா வேலையே செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கெடையாது. 4ஜி சிம்மும் வைஃபையும் ரெண்டும் உள்ள பேனலா வாங்குங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு. ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வைங்க, இல்லன்னா கரண்டு போன உடனே வைஃபையும் போயிரும். சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சு போயி அலாரம் யாருக்கும் போன் போடாம சும்மா கெடந்த வீடு எனக்குத் தெரிஞ்சே மூணு. அந்தத் தேதிய உங்க போன்ல போட்டு வைங்க.

அத விட முக்கியம் யாரு நம்பர் போடுதிய என்கது. எல்லாரும் மொத நம்பரா தன் நம்பரத்தான் போடுதாவ. நீங்க பெங்களூர்ல இருந்து 112 அடிச்சா அது கர்நாடகா கண்ட்ரோல் ரூமுக்குப் போகும், அவங்களுக்கு கல்லிடைக்குறிச்சி எங்க இருக்குன்னு வெளக்கிச் சொல்லுததுக்குள்ள களவாணி காப்பி குடிச்சிட்டுப் போயிருவான். மொத ரெண்டு நம்பர் நடந்து வாரதுக்கு ஆகுத தூரத்துல உள்ள ஆளா இருக்கணும், மூணாவதுதான் நீங்க. ஊரு போலீஸ் ஸ்டேஷன் லேண்ட்லைன் நம்பர உங்க போன்ல தனியா வச்சுக்கிடுங்க.

அந்த ரெண்டு பேரும் எந்திரிச்சு வரணுமே! எங்க வீட்டுக் கதைய சொல்லுதேன். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு குடும்பத்தோட போயிருந்தோம், தெருல பாதி வீடு பூட்டிக் கெடந்துது, எங்க வீட்டு அலாரம் அடி அடின்னு அடிச்சிருக்கு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. வந்து கேட்டா எதுத்த வீட்டு அத்தை சொல்லுதாவ, “நீ எதையாவது டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருப்பன்னுல்லா நெனச்சோம்”. நான் தொழில்காரன், எங்க வீட்டுலயே மாட்டி மாட்டி கழட்டுவேன், அவியள சொல்லிக் குத்தமில்ல. உள்ள பூந்தது பூனைங்கதால தப்பிச்சேன். அதுலருந்து சோதனை பண்ணுத அன்னைக்கு மட்டும் நாலு வீட்டுக்கும் மொதல்லயே சொல்லிட்டுத்தான் பண்ணுதது.

அம்மாவுக்கு ரெண்டு பட்டன் மட்டும் சொல்லிக் குடுங்க. ராத்திரிக்கு ஸ்டே மோடு, அதுல கதவு சென்சார் மட்டும் முழிச்சிருக்கும், அவிய பாத்ரூம் போனா கத்தாது. இன்னொண்ணு பேனிக் பட்டன், கழுத்துல போடுத மாதிரி வருது, விழுந்து கெடந்தாலும் உதவும்.

கேள்வி: வீட்டச் சுத்தி நாலு கேமரா இருக்கு. அலாரம் வேற எதுக்கு?
– ஒரு வாசகர், கேடிசி நகர்

யாரு வந்தாம்னு மறுநாள் பாக்கதுக்கு கேமரா. வந்தவன அப்பவே வெரட்டுததுக்கு அலாரம். கேமரா படத்த பதிவு பண்ணுத டிவிஆர டிவிக்குக் கீழ வச்சிருக்கியளா? அதையும் சேத்துத் தூக்கிட்டுப் போவான், பரண்ல பூட்டு போட்டு வைங்க.

கேள்வி: பெருமாள்புரத்துல புது வீடு கட்டுதோம், இன்னும் பூச்சு வேலை முடியல. நகை நாப்பது பவுன் இருக்கு. ஆன்லைன்ல வயர்லெஸ் கிட் ஒண்ணு பாத்தேன், வாங்கலாமா, எது பெஸ்ட்?
– ஒரு வாசகர்

பூச்சுக்கு முந்தியே கேட்டியளே, புண்ணியமாப் போச்சு. கிட் அப்புறம் வாங்கலாம், இப்போ ஒவ்வொரு கதவு நிலைக்கும் சன்னலுக்கும் ஒரு பைப்பு போட்டு வயர் இழுத்து விட்டுருங்க, ஆசாரி நிலை வைக்கும்போதே காந்த சென்சாருக்கு குழி எடுத்துக் குடுப்பாரு, வெளிய தெரியாது. பேனல தரையிலருந்து மூணடில வைக்காதிய. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல தண்ணி பூந்த வீட்டுல எல்லாம் கீழ இருந்த பேனலும் பேட்டரியும் போச்சு, ஆளுசரத்துக்கு மேல இருந்தது பெழச்சுது. காசு குடுக்குததுக்கு முன்னாடி இன்ஸ்டாலர் கோட (பேனல் செட்டிங்க மாத்துத ரகசிய நம்பர்) எழுதி வாங்கிருங்க, அத குடுக்காம வச்சுக்கிட்டு ஒரு சின்ன ரிப்பேருக்கும் தன்னையே கூப்பிடணும்னு மடக்குத ஆளுக உண்டு, என் தொழில்காரங்கதான், இருந்தாலும் சொல்லுதேன்.

நகைக்கு அலாரம் இல்ல, லாக்கர். லாக்கர் உள்ள பேங்க் தீப்புடிச்சோ, திருட்டு நடந்தோ, அவங்க ஆளே மோசடி பண்ணியோ நகை போனா வருச வாடகைல நூறு மடங்கு வரை பேங்க் குடுக்கணும், 2022லருந்து ரிசர்வ் பேங்க் விதி. நாப்பது பவுனுக்கு அது காணாதுதான், ஆனாலும் வீட்டு பீரோல வச்சு போனா யாரு குடுப்பா? தினமும் போடுதத மட்டும் வீட்டுல வைங்க. பீரோ சாவிய பீரோ மேலயே வைக்காதிய, எல்லா வீட்டுலயும் அங்கதான் இருக்கு.