வாசகர் கேள்வி பதில்: துறைமுகத்துப் பீரங்கிகள்

கேள்வி: நம் மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தைச் சுற்றி இத்தனை கோட்டைகளும் பீரங்கி மேடைகளும் இருந்தும், 1810-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் தீவை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார்களே, எப்படி? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: பீரங்கிகள் பெரும்பாலும் துறைமுக வாயிலைப் பார்த்து நின்றன, ஆங்கிலேயர் அந்தப் பக்கமே வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. கப்பலில் இருக்கும் பீரங்கி அலையோடு சேர்ந்து ஆடும், கரையில் கல்மேடை மேல் இருப்பது அசையாது, குறி எளிதில் தப்பாது. அதோடு கரையில் உலை மூட்டிக் குண்டைப் பழுக்கக் காய்ச்சியும் சுடலாம், மரக்கப்பலில் அப்படி ஒன்று விழுந்து புதைந்தால் தீயை அணைப்பது பெரும்பாடு. ஆங்கிலேயருக்கு அந்த வருடம் ஆகஸ்டிலேயே நல்ல அடி கிடைத்திருந்தது. மகேபூருக்கு எதிரே கடலில் இருக்கும் பாஸ் தீவுக் கோட்டையை அவர்கள் பிடித்துவைத்துக்கொண்டு, பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு, 20-ஆம் தேதி வந்த பிரெஞ்சுக் கப்பல் தளபதி துப்பெர்ரேயின் கப்பல்களை உள்ளே இழுத்தார்கள். ஆனால் கொடியை இறக்கும்போது அதில் தீப்பற்றி, பக்கத்தில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, கோட்டையின் பீரங்கிகள் சில அப்போதே கவிழ்ந்துவிட்டன! அடுத்த சில நாட்களில் உதவிக்கு வந்த ஆங்கிலக் கப்பல்கள் பவளத்திட்டில் தட்டி நின்றன. நான்கு போர்க்கப்பல்களில் இரண்டை அவர்களே கொளுத்தினார்கள், மற்ற இரண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. பாரிஸ் வெற்றி வளைவில் 'கிராண்ட் போர்' (Grand Port, சண்டை நடந்த அந்த இடத்தின் பெயர்) என்று பொறித்திருப்பது இந்த வெற்றியைத்தான்.

பட்ட அடியில் பாடம் படித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த படைகள் ரொட்ரிக்ஸ் தீவில் கூடின, அதில் மதராஸிலிருந்து கப்பலேறிய படையும் உண்டு. பெரிய கப்பல்கள் நுழைய முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்த வடக்குக் கரையை முன்கூட்டியே ஆழம் பார்த்துவைத்திருந்தார்கள். நவம்பர் 29 அன்று கிராண்ட் பே பக்கம் இறங்கி, போர்ட் லூயிக்குத் தரைவழியாக நடந்தே வந்தார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி ஆளுநர் தெக்கான் சரணடைந்தார். அவரிடம் ஆள்பலமும் போதவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. போர்ட் லூயியைப் போர்த்துறைமுகமாக வளர்த்தவர் பிரெஞ்சு ஆளுநராக இருந்த லபூர்தொன்னே, அவர் காலத்துக் கட்டட வேலைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்தார்கள். 1746-இல் அவர் இங்கிருந்து கப்பல்களோடு போய் மதராஸையே பிடித்தார். 64 வருடம் கழித்து மதராஸிலிருந்து படை கிளம்பி இந்தத் துறைமுகத்தைப் பிடிக்க வந்தது. இரண்டு ஊர்க் கோட்டைகளின் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: லா பிரெனெஸ் கடற்கரையில் நிற்கும் உருண்டைக் கோபுரத்தை யாருக்குப் பயந்து கட்டினார்கள்? (வாசகி, தமரின்)

பதில்: தீவைப் பிடித்த ஆங்கிலேயர் 1830-களில் கட்டியது, மார்ட்டெல்லோ கோபுரம் என்பார்கள். மொத்தம் 5 கட்டினார்கள். பிரெஞ்சுக் கப்பற்படை திரும்பி வருமோ என்ற பயம் ஒரு பக்கம். அடிமைமுறை ஒழியப்போகிறது என்று கொதித்துப்போயிருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் உள்ளேயிருந்து அவர்களோடு சேர்ந்துகொள்வார்களோ என்பது இன்னொரு பக்கம். போர்ட் லூயியில் குன்றின் மேல் 1834-இல் தொடங்கி 1840-இல் முடித்த அடிலெய்டு கோட்டையும் இந்தப் பயத்தில் எழுந்ததுதான், அங்கே நின்று பார்த்தால் துறைமுகம் மட்டுமல்ல, ஊரே காலடியில் தெரியும்.

வடிவம் மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிக்காத் தீவிலிருந்து வந்தது. 1794-இல் மொர்டெல்லா முனையில் இருந்த சின்னக் கோபுரம் ஒன்று இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்களை அடித்து விரட்டியது. கடைசியில் தரைப்பக்கம் பீரங்கி ஏற்றிச் சுட்டுத்தான் அதைப் பிடிக்க முடிந்தது, பாருங்கள், அங்கேயும் அதே கதை. இங்கே கட்டிய கோபுரங்களில் கடல் பக்கச் சுவரைத் தடியாகக் கட்டினார்கள், வட்டச் சுவரில் குண்டு பட்டால் பெரும்பாலும் சறுக்கிப் போகும், உச்சியில் இருக்கும் பீரங்கியை எந்தத் திசைக்கும் திருப்பலாம். ஆனால் சில பத்தாண்டுகளிலேயே குண்டைச் சுழற்றி விடுவதற்காகக் குழாயின் உள்ளே புரி வெட்டிய பீரங்கிகள் வந்து இந்தச் சுவர்களுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டன. லா பிரெனெஸ் கோபுரம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, போனால் சுவரின் தடிமனைக் கட்டாயம் பாருங்கள்.