திண்ணைக்கு வந்த அம்மா

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை வீட்டை 2019-இல் மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறுகூடப் போடுவதில்லை, திண்ணையில் படுக்கிறேன். வயது 71. வீடு திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகி

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது அம்மா. வழி இருக்கிறது. பத்திரத்தில் ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். நம் பக்கத்தில் பலர் பிள்ளையை நம்பி அதை எழுதாமல் விடுகிறார்கள். அந்த வரி இருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வருவாய் கோட்டாட்சியரிடம் நீங்களே மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். அந்த வரி இல்லையென்றாலும் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்திரம் மகனிடம் இருக்கிறதா? சரி, பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள்.