பழைய பெற்றோல் பம்பிக்குப் புதுக் கண்ணாடி: மூலையில் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: பழைய பெற்றோல் செட் ஒன்றில் நின்ற பம்பியைத் திருத்தி எடுக்கிறோம். கிளிநொச்சியில் முகப்புக்கு 5 மி.மீ. கண்ணாடி வெட்டிப் போட்டோம். திருகாணியை இறுக்கும்போது மூலையில் வெடித்துவிட்டது. இரண்டாவது கண்ணாடிக்கும் அதே கதிதான். அக்ரிலிக் போட்டால் சரிவருமா?

பதில்: அக்ரிலிக் வேண்டாம். அரை மீற்றர் அகலமான அக்ரிலிக் தகடு, வெப்பம் 30 பாகை ஏறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். இரும்புச் சட்டமோ 0.2 மி.மீ.கூட நீளாது. வன்னி வெய்யிலில் தகடு வளைந்து வெளியே தள்ளும். பெற்றோல் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும், கிரவல் தூசியைத் துணியால் துடைத்தால் கீறும்.

உங்கள் கண்ணாடி வெடித்ததற்குப் பெரும்பாலும் தடிப்புத்தான் காரணம். சட்டத்தின் தவாளிப்பை, அதாவது கண்ணாடி உட்காரும் பள்ளத்தை, அளந்து பாருங்கள். அது 8 மி.மீ. என்றால், இரு பக்கமும் 2 மி.மீ. றப்பர் போக மிச்சம் 4 மி.மீ. அதற்குள் 5 மி.மீ. கண்ணாடியைச் செருகி இறுக்கினால் றப்பர் நசிந்துபோகும். பிறகு இரும்பு எங்கே மேடாக இருக்கிறதோ, அந்த ஒரு புள்ளியே முழு அழுத்தத்தையும் கண்ணாடியில் ஏற்றும். வெல்டிங் கட்டி, கறள் பொருக்கு, பல தடவை பூசிய பெயின்ற் எல்லாம் சேருமிடம் மூலைதான்.

ஆகவே சட்டத்தில் தொடங்குங்கள். 1990களில் போரால் இங்கே பெற்றோல் தடைப்பட்டு, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் சும்மா நின்ற பம்பிகளில் கீழ்ச்சட்டம் தின்னப்பட்டிருக்கும். சிலவற்றில் எறிகணை (செல்) துண்டு பட்ட நெளிவும் உண்டு. நெளிவை எடுத்து, கறளைச் சுரண்டி, பிறைமரும் பெயின்ற்றும் அடித்து ஒரு கிழமை காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பெயின்ற்றில் றப்பர் ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரோ வெல்டிங்கோ தொடுமுன் பம்பியின் உள் இயந்திரம், குழாய், ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுங்கள். வருடக்கணக்காக வற்றிக் கிடந்த குழாயிலும் ஆவி தங்கியிருக்கும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

கண்ணாடிக்கு அளவு எடுப்பது பெயின்ற் காய்ந்த பிறகே, ஏனென்றால் பூச்சும் இடத்தைத் தின்னும். நாடா போதாது; சட்டம் சதுரம் தப்பியிருக்கும். தடித்த மட்டையில் மூலை வளைவோடு மாதிரி வெட்டிச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். மட்டை சரியாக உட்கார்ந்ததும் நான்கு பக்கமும் 1.5 மி.மீ. குறைத்து, அந்த மட்டையையே கண்ணாடிக்கடைக்குக் கொண்டுபோங்கள். பம்பி வீட்டு விறாந்தையில் நிற்பதானால் சாதாரண 4 மி.மீ. போதும். கடையிலோ விடுதியிலோ ஆட்கள் நடமாடும் இடத்தில் வைப்பதானால் ரெம்பர்ட் கண்ணாடிதான். அதைச் சூடாக்கிப் பதப்படுத்திய பின் வெட்டவோ துளைக்கவோ முடியாது, பொடிப்பொடியாகிவிடும். அளவு, வளைவு, துளை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாதாரணக் கண்ணாடியானால் வெட்டிய விளிம்பை 220ஆம் இலக்கச் சான்ட்பேப்பரால் தண்ணீர் தொட்டு மழுக்குங்கள். நகத்தில் தட்டுப்படும் சின்னப் பிசிறுதான் பிறகு வெடிப்பு ஓடத் தொடங்கும் இடம். கீழ் விளிம்பின் இரு முனைகளிலிருந்தும் கால்பங்கு தூரத்தில், 25 மி.மீ. நீளமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள கெட்டி றப்பர்த் துண்டு ஒவ்வொன்று வையுங்கள். கண்ணாடியின் பாரம் அந்த இரண்டிலும்தான் இறங்க வேண்டும்; இரும்பை அது எங்கும் தொடக்கூடாது.

பிரித்தானியப் பம்பிகளில் பழைய திருகாணி பெரும்பாலும் அங்குல அளவு. 3/16 அங்குல விற்வேர்த் (பழைய பிரித்தானிய மரை) துளையில் எம்5 எனும் மி.மீ. அளவுத் திருகாணி ஏறுவதுபோல் காட்டி மரையை அழித்துவிடும். எல்லாத் திருகாணிகளையும் முதலில் விரலால் திருப்பி, பிறகு எதிரெதிராகக் கால்சுற்றுக் கால்சுற்றாக இறுக்குங்கள். றப்பர் லேசாக நசிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

சிலிக்கன் பூசுவதானால் வினாகிரி மணம் வராத வகையை வாங்குங்கள். மணக்கிறது இரும்பைக் கறளாக்கும். அதையும் மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும் பூசுங்கள். கீழ்த் தவாளிப்பின் வடிகால் துளைகளை அடைத்தால் மாரித் தண்ணீர் உள்ளே நின்று, நீங்கள் பூசிய கீழ்ச்சட்டத்தையே மறுபடி தின்னும்.

பெற்றோல் ஓடுவதைக் காட்டும் சிறிய குமிழ்க் கண்ணாடி வேறு விடயம். அது அழுத்தம் தாங்குவது. பம்பி காட்சிக்கு மட்டுமென்றால் வெறுமையாக விடுங்கள்; ஓடவிடுவதானால் அதற்கென்றே செய்த கண்ணாடியும் பெற்றோல் தாங்கும் நைற்றைல் றப்பர் வளையமும் தவிர வேறெதையும் போடாதீர்கள்.