பள்ளி திறந்ததும் வரும் வயிற்றுவலி

சீசன் முடிந்து சுற்றுலாக் கூட்டம் மலையிறங்கியதும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடுகிறது. நீலகிரி வாசகர்களின் கேள்விகளில் இந்த முறை பெரும்பாலானவை பள்ளி பயம் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் போகும் மகன் ஞாயிறு இரவே வயிறு வலிக்கிறது என்கிறான். திங்கட்கிழமை லீவு போட்டால் பத்து மணிக்கெல்லாம் பந்து விளையாடப் போய்விடுகிறான். நடிக்கிறானா? (ஒரு தாய், கோத்தகிரி)

நடிக்கவில்லை. பயம் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. தேர்வு நாளில் கழிவறைக்கு ஓடியவர்களுக்கு இது புரியும். வலி உண்மை, காரணம்தான் வயிற்றில் இல்லை. முதலில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, எடை குறைகிறது, காய்ச்சலோ தொடர்ந்து வாந்தியோ இருக்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் அது வேறு விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

அப்படி எதுவும் இல்லையென்றால் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் நிறுத்திக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் பயத்துக்கு நாம் கொடுக்கும் கூலி. மறுநாள் அது கூடுதலாகக் கேட்கும். “வலிக்கிறது என்று தெரிகிறது. வெந்நீர் குடி, கிளம்பலாம்” என்று ஒருமுறை சொன்னால் போதும். “இன்னும் வலிக்கிறதா?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டால் வலிக்காத பிள்ளைக்கும் வலிக்கும். தவிர்க்க முடியாமல் வீட்டில் இருந்தால் டிவி, செல்போன், பந்து மூன்றும் கிடையாது. படுக்கையும் பாடப்புத்தகமும் மட்டும்.

மாலையில் “பள்ளி எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இடைவேளையில் யாருடன் இருந்தாய், பக்கத்தில் உட்காருவது யார், கழிவறைக்குப் போனாயா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு, பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தூக்கத்தையும் கவனியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடுமுறையில் தள்ளிப்போன படுக்கை நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். கோத்தகிரிக் குளிரில் கம்பளியை விட்டு எழுவதே பெரும்பாடு. ஸ்வெட்டர் முதல் சாக்ஸ் வரை எல்லாவற்றையும் இரவே எடுத்துவைத்துவிட்டால் காலைச் சண்டை பாதியாகக் குறையும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போக அஞ்சுகிறாள். யானை நடமாட்டம் உள்ள பாதை. தைரியமாக இரு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். (ஒரு தந்தை, கூடலூர்)

அதைச் சொல்வதை நிறுத்துங்கள். அந்தப் பாதையில் அஞ்சாத பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். இதற்குத் தேவை ஆலோசனை அல்ல, ஏற்பாடு. வெளிச்சம் வரும் முன் கிளம்பக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, பெரியவர் ஒருவர் முறைவைத்து உடன் போகட்டும். முந்தின இரவு யானை எந்தப் பக்கம் நின்றது என்பதை வனத்துறை ஊழியர்களிடமோ அதிகாலையில் பால் கொண்டுவருபவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். யானையோ காட்டெருமையோ கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அன்று தாமதமானால் திட்டக் கூடாது என்று வகுப்பாசிரியரிடம் இப்போதே பேசிவையுங்கள். இவ்வளவும் செய்து, பெரியவர் துணை இருந்தும் அவள் பள்ளி வாசலில் நடுங்கினால், பயம் பாதையில் இல்லை. அப்போது மறுபடி எழுதுங்கள்.

நான் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போய்விடுவேன். எல்.கே.ஜி. சேர்ந்த மகளை மாமியார் கொண்டுபோய் விடுகிறார். அவள் அழுதால் அவரும் அழுது, வீட்டுக்கே கூட்டிவந்துவிடுகிறார். (ஒரு தாய், குன்னூர்)

பாவம் பாட்டி. பயிற்சி முதலில் அவருக்குத்தான். வாசலில் ஒரு முத்தம், ஒரு வாக்கு, உடனே திரும்பி நடக்க வேண்டும். “மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பாட்டி வந்து நிற்பேன்” என்று சொன்னால் அதே நேரத்தில் நிற்க வேண்டும். பிள்ளை பார்க்காதபோது நழுவிப் போவது மட்டும் வேண்டாம். மறுநாள் முந்தானையை விடமாட்டாள். பாட்டி போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது என்றால் சில வாரங்களில் பழகிவிடுவாள்.

கணக்கு ஆசிரியர் பிரம்பு வைத்திருக்கிறார் என்று மகன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான். நாங்களும் அடி வாங்கித்தானே படித்தோம்? (உதகை)

வாங்கினோம், அதனால் அது சரியாகிவிடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். அடி விழுவது தெரிந்தும் நடவடிக்கை இல்லையென்றால் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது.

மழைக்கு மூன்று நாள் லீவு விட்டால் நான்காம் நாள் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. (பந்தலூர்)

பந்தலூர் மழையை நிறுத்த என்னால் ஆகாது. லீவிலும் பள்ளி நாளில் எழும் நேரத்துக்கே எழுப்புங்கள். வகுப்புத் தோழி ஒருத்தியிடம் தினமும் ஒருமுறை போனில் பேசவிடுங்கள். பள்ளி திறக்கும் நாளில் அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். இரண்டு வாரம் முயன்றும் பிள்ளை வகுப்புக்குள் கால் வைக்கவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.